டிரம்ஸைப் பெண் பார்க்க வந்தார்கள்

வீட்டுக்குப் புதிய சாமான் ஒன்று வரப்போகிறது என்றாலே, பழைய சாமானுக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். அதற்கு வாய் இல்லாததால் அதற்குப் பதிலாக நமக்குக் கலக்குகிறது. உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். எவர்சில்வர் புழக்கத்துக்கு வந்த நாட்களில், பித்தளை அண்டாவையும் குடத்தையும் எடைக்குப் போட்டுவிட்டு, பளபளவென்று டம்ளரும் தட்டுமாக வாங்கி அடுக்கியவர்கள் எத்தனையோ பேர். புளி போட்டுத் தேய்க்கும் தொல்லை ஒழிந்தது என்று அன்று சந்தோஷப்பட்டார்கள். பிற்பாடு, "அந்த அண்டா மட்டும் இருந்திருந்தால்!" என்று பெருமூச்சு விட்டவர்களும் அவர்களேதான். அவர்கள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணீர் சுமந்து இடுப்பு ஒடிந்தவளுக்குத்தான் பித்தளைக் குடத்தின் கனம் தெரியும்.

குடத்தின் கனத்தைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. விற்பதா, வைத்திருப்பதா என்று எங்கள் வீட்டில் மூன்று மாதம் விவாதம் நடந்தது. விவாதத்துக்கு உள்ளான பொருள் அண்டா அல்ல. ஆனால் சத்தத்தில் அண்டாவுக்கு அண்ணன். டிரம் செட்!

"பெண்பிள்ளைக்கு டிரம்ஸா?" என்று புருவத்தை உயர்த்துகிறவர்களுக்கு ஒரு தகவல். வயோலா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண்மணி 1912-ல் பிறந்தவர். டிரம்ஸ் வாசிப்பதுதான் அவருடைய தொழில். பெண் வாத்தியக்காரர்களுக்கும் இடம் கொடுங்கள் என்று 1942-ல் ஒரு சங்கீதப் பத்திரிகையில் கட்டுரை எழுதி வாதாடியவர். 2020-ல் அவர் காலமானபோது வயது 107. டிரம்ஸ் வாசித்தால் ஆயுசு கெட்டி என்று நான் சொல்ல வரவில்லை. ஆயுசு ஒன்றும் குறைந்துவிடாது என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

இந்த வாத்தியத்தைக் கிட்டத்தில் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் அறிமுகம் செய்துவிடுகிறேன். டிரம் செட் ஒரு கூட்டுக் குடும்பம். தரையில் படுத்திருக்கும் பெரிய பேஸ் டிரம்தான் தாத்தா. அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் இரண்டு டாம்களும் பேரப்பிள்ளைகள். பக்கத்தில் மூன்று காலில் நிற்கும் ஃப்ளோர் டாம் ஒரு சித்தப்பா. எல்லோருக்கும் நடுவில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஸ்நேர் டிரம்தான் வீட்டு எஜமானி. சிம்பல் என்கிற உலோகத் தட்டுகள் அவ்வப்போது வந்து ஆர்ப்பாட்டம் செய்துவிட்டுப் போகும் விருந்தாளிகள். ஒரு காலத்தில் பெரிய டிரம்மை ஒருவர், சின்ன டிரம்மை ஒருவர், தட்டுகளை ஒருவர் என்று வாசித்து வந்தார்கள். 1909-ல் அமெரிக்காவில் லட்விக் சகோதரர்கள் காலால் விரைவாக அடிக்கக்கூடிய ஒரு பெடலைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு ஒரே ஆள் உட்கார்ந்து அத்தனையையும் சமாளிப்பது சுலபமாயிற்று. ஒரு கையால் தோசை வார்த்து, மறு கையால் டெலிபோனைப் பிடித்து, காலால் தொட்டிலை ஆட்டும் நம் பெண்களுக்கு இது பெரிய வித்தை ஒன்றுமில்லை.

என்னுடைய செட் 2008-ல் வந்தது. அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு வந்த குடும்பப் பென்ஷனில் மிச்சம் பிடித்து ஒரு சீட்டுக் கட்டி வந்தாள். சீட்டு முடிந்ததும் எனக்கு ஒரு ஜோடி வளையல் என்று ஏற்பாடு. இதற்கிடையில் கல்லூரி மெல்லிசைக் குழுவில் டிரம்ஸுக்கு ஆள் அகப்படாமல் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் தலையணைகளை வரிசையாக வைத்து அடித்துப் பழகினேன். வீடெங்கும் பஞ்சு பறந்தது. ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, சீட்டுப் பணம் 28,000 ரூபாயை என் கையில் கொடுத்து, "தலையணையெல்லாம் போதும். போய் நிஜமானதை வாங்கிக்கோ" என்றாள்.

அன்றைய விலையில் அது ஏறக்குறைய மூன்று பவுன். இந்தக் கணக்கை நான் மறந்தாலும் எங்கள் பெரியப்பா மறக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போதெல்லாம் டிரம்ஸ் இருக்கும் மூலையைப் பார்ப்பார். பிறகு பேப்பரில் தங்கத்தின் விலையைப் பார்ப்பார். "ஹூம்!" என்பார். வருஷத்துக்கு வருஷம் தங்கம் ஏற ஏற, அந்த "ஹூம்" நீண்டுகொண்டே போயிற்று.

பத்திரிகை வேலை, கல்யாணம் எல்லாம் ஆன பிறகும் டிரம்ஸ் என்னை விடவில்லை. எங்கள் பெண்கள் குழு ஒன்று இருக்கிறது, நான்கு பேர். மாதத்துக்கு இரண்டு, மூன்று கச்சேரி. கல்யாண வரவேற்பு, ஆண்டு விழா என்று கூப்பிடுகிறார்கள். இங்கேதான் சங்கடம் முளைத்தது. என் பேஸ் டிரம்மின் விட்டம் 22 அங்குலம். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, டிரம் உள்ளே போனால் நான் வெளியே நிற்க வேண்டும், நான் உள்ளே போனால் டிரம் வெளியே நிற்க வேண்டும். பத்தொன்பது வயதில் சிரித்துக்கொண்டே தூக்கியதை முப்பத்தாறு வயதில் முனகிக்கொண்டு தூக்குகிறேன். ஆகையால் மேப்பிள் மரத்தில் செய்த நல்ல செட் ஒன்றை வாங்குவது என்று தீர்மானித்தேன். அதில் பேஸ் டிரம் 18 அங்குலம்தான். உயர்ந்த ரகத்துக்குப் போகிறவர்கள் பெரிதாக வாங்குவார்கள் என்று நினைப்போம். நான் சின்னதுக்குத்தான் அதிக விலை கொடுத்தேன்.

அப்படியானால் பழையது? எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஓர் உபரி அறை, பத்தடிக்குப் பத்தடி. அதில் ஒரு செட் இருந்தால் பீரோவின் கதவு பாதிதான் திறக்கும். இரண்டு செட் இருந்தால் கதவையே மறந்துவிட வேண்டியதுதான். "கொடுத்துட்டு வாங்கிடேன். பழசை எடுத்துக்கிற கடை இருக்கே" என்றார் என் கணவர். ஒரு கடையில் விசாரித்தேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ஆறாயிரம்" என்றார்கள். மறுபடி கேட்டேன். மறுபடியும் ஆறாயிரம்தான்.

பதினேழு வருஷத்துப் பேச்சுத் துணைக்கு ஆறாயிரமா என்று மனசு ஆற்றாமைப்பட்டது. ஆனால் ஆற்றாமை விலை நிர்ணயம் செய்யாது. அதனால் ஒரு காரியம் செய்தேன். இந்த செட்டில் எது பழசு, எது பழசாகவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பழைய பொருளை விற்க நினைக்கும் எவரும் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. "பழசு" என்று ஒரே வார்த்தையில் நாம் தள்ளிவிடுவதற்குள் பல வயதுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலில் தோல். தோல் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இது பிளாஸ்டிக். முன்பெல்லாம் கன்றுத் தோல்தான். மழை வந்தால் தொய்யும், வெயிலில் விறைக்கும். மிருதங்கக்காரர் வீட்டுப் பெண்களுக்கு இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை. 1950-களின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் தோல் வந்து அந்தக் கவலையைத் தீர்த்தது. ஆனால் அதுவும் அடிபட்டு அடிபட்டுக் குழி விழுந்து, நாதம் மங்கிப்போகும். அப்போது மாற்ற வேண்டும். அது கேஸ் ஸ்டவ் பர்னரைப் போல, தேய்வதற்கென்றே பிறந்தது. அடுத்தது இரும்புச் சாமான். சென்னைக் கடற்காற்றுக்குக் குரோம் முலாம் எம்மாத்திரம்? வளையங்களிலும் திருகாணிகளிலும் செம்புள்ளி போட்டிருந்தது. எண்ணெய் விட்டுத் துடைத்தால் பாதி போய்விடும். போகாததற்குப் புதுத் திருகாணி கிடைக்கும். கடைசியில் மரம். தோலைக் கழற்றிவிட்டு, கூட்டைக் கண்ணாடி மேஜையில் கவிழ்த்து, உள்ளே ஒரு விளக்கை வைத்துப் பார்ப்பார்கள். விளிம்பு எங்காவது கோணியிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் கசியும். எங்கள் சாப்பாட்டு மேஜை கண்ணாடி போட்டது. விளக்கை அணைத்துவிட்டு ஐந்து டிரம்களையும் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. மரம் சாதாரண மரம்தான், ஆனால் கோணவில்லை.

பேஸ், டாம்கள், ஃப்ளோர் டாம் இந்த நாலுக்கும் மேல் தோலைப் புதிதாக வாங்கினேன். 4,800 ரூபாய் ஆயிற்று. "ஆறாயிரத்துக்கு விக்கிற பொருளுக்கு நாலாயிரத்து எண்ணூறு செலவா? ஜர்னலிஸம் படிச்சதுக்குப் பதிலா நீ காமர்ஸ் படிச்சிருக்கலாம்" என்றார் என் கணவர். நான் பதில் சொல்லவில்லை. எதிரெதிர்த் திருகாணிகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஓரத்தைச் சுற்றித் தட்டித் தட்டிச் சுருதி கூட்டி, ஃப்ளோர் டாமில் ஓர் அடி கொடுத்தேன். கணவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். கீழ் வீட்டு மாமி மேலே வந்துவிட்டார். எனக்கு ஒத்துக்கொடுத்திருக்கும் நேரம் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. அப்போது மணி நாலே முக்கால். "வெண்கலக் கடையிலே யானை புகுந்த மாதிரி இருக்கும் எப்பவும். இன்னிக்கு என்ன, கோயில் யானையாயிருக்கு?" என்றார் மாமி. இதைவிட நல்ல விமர்சனம் எங்கள் குழுவுக்குக் கிடைத்ததில்லை.

விற்க வேண்டியதை நன்றாக்கியதும், விற்க மனம் வரவில்லை. வைத்திருக்கவோ இடம் வரவில்லை. உண்மையில் என்னைத் தடுத்தது நாதம் மட்டும் அல்ல. அந்த மூலையில் இருந்தது வெறும் டிரம்ஸ் என்றால் ஆறாயிரத்துக்கு விற்கலாம். அது அம்மா எனக்குப் போட வேண்டிய வளையல் ஆயிற்றே! வளையலை எப்படி எடைக்குப் போடுவது?

ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"வளையலா வாங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டாள்.

"பத்திரமா லாக்கர்ல வெச்சிருப்பேன்."

"அதான். பதினேழு வருஷம் தூங்கியிருக்கும். இது முழிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் உனக்கு வாசிக்கத்தான் கொடுத்தேன், பூட்டி வைக்க இல்லே. வாசிக்கிறவங்க யாராவது வந்தா கொடு. மேஜையாக்கறவங்களுக்குக் கொடுக்காதே" என்றாள் அம்மா. அவ்வளவுதான். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த கேள்வி, விற்றுவிட்டு வாங்குவதா, வாங்கிவிட்டு விற்பதா என்பது. விற்ற பணம் கையில் இருந்தால் புதியதற்கு உதவும் என்பது உண்மை. ஆனால் புது செட்டுக்கு ஆர்டர் கொடுத்தால் வந்து சேர ஆறு வாரம் என்றார்கள். அதற்குள் இரண்டு கச்சேரி இருந்தது. புது உத்தரவு கைக்கு வருமுன் பழைய வேலையை ராஜினாமா செய்கிறவர் உண்டோ? தவிரவும், கடையில் கேட்கும் நாதம் வேறு, நம் வீட்டுச் சுவருக்குள் கேட்கும் நாதம் வேறு. புதியதைப் பழையதோடு சேர்த்து வைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும். ஆகவே, ஆள் தேடுவது இப்போது, அனுப்பி வைப்பது புதியது வந்து ஒரு கச்சேரி முடிந்த பிறகு என்று முடிவு செய்தேன். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே இடைவெளி விடுகிறோமே, அதைப் போல.

விளம்பரம் கொடுத்ததும் பெண் பார்க்கும் படலம் தொடங்கிற்று. முதலில் வந்தவர் ஓர் இளைஞர். டேப்பால் பேஸ் டிரம்மை மட்டும் அளந்தார். "மத்ததை நீங்களே வெச்சுக்கலாம் மேடம். இதுக்கு மேலே ஒரு கண்ணாடி போட்டா அருமையான டீப்பாய்" என்றார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தாள். இரண்டாவது வந்த தம்பதிக்குப் பையனின் பிறந்த நாளுக்குப் படம் எடுக்க ஒரு பின்னணி தேவையாம். "சத்தம் வராம பண்ண முடியுமா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு மோர்கூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மாள். வயது ஐம்பத்தெட்டு இருக்கும். அரசாங்க உத்தியோகத்திலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். பருத்திப் புடவை, கைப்பை, குடை. பேரனுக்காக வந்திருக்கிறார் என்று நினைத்தோம்.

"பேரனைத்தான் கிளாஸ்ல சேர்த்தேன். கூடப் போய் ஓரமா உட்கார்ந்திருப்பேன். அவன் மூணு மாசத்துலே விட்டுட்டான். எனக்கு வந்துடுச்சு" என்றார் கூச்சத்தோடு.

"உட்கார்ந்து பாருங்களேன்" என்றேன். குடையைச் சுவரில் சாய்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். குச்சிகளைக் கையில் எடுத்து, எட்டு எண்ணி ஆரம்பித்தார். ஒன்றிலும் ஐந்திலும் கால். மூன்றிலும் ஏழிலும் இடது கை. ஆரம்பப் பாடம்தான். ஆனால் நூல் பிடித்தாற்போல் நின்றது. அவசரமும் இல்லை, தடுமாற்றமும் இல்லை. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சம்பந்தம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பேரம் பேசும்போதுதான் ஒரு நெருடல். ஸ்நேர் டிரம்மை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று எனக்கு உள்ளூர ஒரு சபலம். கைக்குப் பழகியது, அதன் சொல் வேறொன்றில் வராது. உள்ளே போய் அம்மாவின் காதில் சொன்னேன். "பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டு, அவ வலது கையை மட்டும் பிறந்த வீட்டுலே வெச்சுக்கிறதா?" என்றாள் அம்மா. ஸ்நேரும் போவதென்று முடிவாயிற்று.

சிம்பல்களை மட்டும் நான் கொடுக்கவில்லை. அவை 2015-ல் என் சம்பளத்தில் வாங்கியவை. செம்பு எண்பது பங்கு, வெள்ளீயம் இருபது பங்கு கலந்த உலோகம். வாங்கி வந்த அன்றே அம்மா நகத்தால் சுண்டிக் கேட்டுவிட்டு, "இது நம்ம பொங்கல் பானை வெண்கலம்தானே?" என்றாள். ஏறக்குறைய அதேதான். அவற்றைச் செய்யும் ஸில்ஜியன் நிறுவனம் 1623-ல் இஸ்தான்புல்லில் தொடங்கியது. 1929-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. செட்டோடு முதலில் வந்த பித்தளைத் தட்டுகள், அம்மாவின் பழைய புடவையில் சுற்றிப் பரணில் கிடந்தன. அவற்றை இறக்கித் துடைத்து வைத்தோம். பழகுகிறவருக்கு அவை போதும். அம்மா கொடுத்தது முழுதாகப் போகட்டும். நான் சம்பாதித்தது என்னோடு இருக்கட்டும். இப்படிப் பிரித்த பிறகுதான் என் மனசு சமாதானம் ஆயிற்று.

விலை 12,000 ரூபாய் என்று ஒத்துக்கொண்டோம். "பாதி இப்போ, பாதி அடுத்த மாசம் தரட்டுமா? பென்ஷன் கணக்கு இன்னும் சரியாகலே" என்றார் அந்த அம்மாள். நான் வாய் திறக்குமுன் அம்மா, "சீட்டுக் கட்டற மாதிரி கட்டுங்க, என்ன இப்போ" என்றுவிட்டாள்.

புது செட் வந்தது. கச்சேரியும் நடந்தது. லிஃப்டில் நானும் பேஸ் டிரம்மும் முதல் தடவையாக ஒன்றாக இறங்கினோம். மறு ஞாயிற்றுக்கிழமை சின்ன லாரி ஒன்று வந்து பழையதை ஏற்றிக்கொண்டு போயிற்று. அறையில் பீரோவின் கதவு முழுசாகத் திறந்தது. அது அவ்வளவு அகலமான கதவு என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. "இந்தப் பணத்துலே உனக்கு ஒரு மூக்குத்தி வாங்கட்டுமா?" என்று அம்மாவைக் கேட்டேன். "எனக்கு எதுக்கு? உன் கடனை அடை" என்றாள். பெரியப்பாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தீபாவளிக்கு வருவார். மூலையில் பொருள் சின்னதாகியிருப்பதைப் பார்த்ததும் அவருடைய "ஹூம்" எந்த நீளத்துக்குப் போகுமோ, ஈசுவரனுக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு வாரம் கழித்து அம்பத்தூரிலிருந்து டெலிபோன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். பேசி முடித்துவிட்டு முகம் மலர என்னிடம் வந்தாள்.

"என்னம்மா, மீதிப் பணம் அனுப்பிட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லே. அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க நேத்து வந்து சத்தம் தாங்கலேன்னு சண்டை போட்டாங்களாம்!" என்றாள் அம்மா. "நல்லா வாசிக்கிறாங்க, பாரு!"